‘வரித் தள்ளுபடி’க்குப் பதில் ‘நிலுவைத் தளர்வு’

அன்பு நண்பர்களுக்கு,

வருமான வரி பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில், வரி பாக்கி வைத்தவர்களுக்குக் கிடைக்கும் சலுகைகளை எல்லாம் சேர்த்து ‘வரித் தள்ளுபடி’ எனலாம் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

தள்ளுபடி என்றதும், இனி கட்டவே வேண்டாம் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். இந்தச் சலுகைகளில் பல அப்படிப்பட்டவை அல்ல. பிரிட்டனில் பாக்கியைத் தவணையில் கட்ட விடுகிறார்கள். ஆனால் வரி முழுவதையும் கட்டியாக வேண்டும், வட்டியும் சேரும். அமெரிக்காவில், வரியைக் கட்டினால் அன்றாடச் செலவுக்கே வழியில்லை என்று காட்டுபவரிடம் வசூலை நிறுத்திவைக்கிறார்கள். அப்போதும் பாக்கி அப்படியே நிற்கும், வட்டி ஓடும். இந்தியாவில் 2020-இல் வந்த ‘விவாத் சே விஷ்வாஸ்’ திட்டத்தில், பொதுவாக, வழக்கில் கிடந்த வரியைக் கெடுவுக்குள் முழுதாகக் கட்டியவர்களுக்கு வட்டியும் அபராதமும்தான் நீங்கின. அசலிலேயே ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் சமரசத் தீர்வு அமெரிக்காவில் உண்டு. அதுவும் வருமானம், சொத்து, செலவு எல்லாவற்றையும் துருவிப் பார்த்த பிறகுதான்.

நோட்டீஸ் வந்து கலங்கிப்போயிருப்பவர் ‘தள்ளுபடி’ என்று படித்துவிட்டுச் சும்மா இருந்தால், பாக்கி ஏறிக்கொண்டே போகும். நாம் உருவாக்கும் சொல் அவரை ஏமாற்றிவிடக் கூடாது. இதைத்தான் நான் முதன்மையாகப் பார்க்கிறேன்.

தள்ளுபடிக்குப் பதில் ‘நிவாரணம்’ என்றால் வெள்ளமும் புயலும்தான் நினைவுக்கு வருகின்றன. கைக்குப் பணம் வரும் என்றும் தோன்றுகிறது. கட்டாத வரியை ‘வரிக்கடன்’ என்றால், அதை வரி கட்டுவதற்காக வாங்கிய கடன் என்றும் படிக்கலாம். ‘வரி நிலுவை’யில் அந்தக் குழப்பம் இல்லை.

அதனால் ‘நிலுவைத் தளர்வு’ என்பதை முன்வைக்கிறேன். வசூலின் கெடுபிடி தளர்கிறது, நிலுவை இன்னும் இருக்கிறது என்ற இரண்டும் இதில் வந்துவிடுகின்றன. தவணை, வசூல் நிறுத்திவைப்பு, அபராத நீக்கம், சமரசத் தீர்வு எல்லாம் இதற்குள் அடங்கும். அதிலும் அசல் உண்மையிலேயே ரத்தாகும் பகுதியை மட்டும் தள்ளுபடி என்று சொல்வோம்.

அப்புறம், ‘டிடக்‌ஷன்’ (deduction) என்பதற்கான ‘கழிவு’. குப்பை என்று பொருள்பட்டுவிடுமே என ஒரு நண்பர் தயங்கியிருந்தார். ‘வரிக்கழிவு’ என்று சேர்த்து எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, எல்லாவற்றையும் ‘வரிவிலக்கு’ என்றே எழுதுவது. வரிக்கழிவு, வரி போடும் வருமானத்தைத்தான் குறைக்கும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு 1,000 ரூபாய் கழிவு கிடைத்தால் மிச்சமாவது 200 ரூபாய். 1,000 ரூபாயும் மிச்சம் என்று நினைத்துச் செலவைத் திட்டமிடுபவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்தில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் வரிக்குப் ‘பிடித்தம்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையும் கழிவோடு கலக்க வேண்டாம்.

‘ஆடிட்’ (audit) என்பதற்கான ‘தணிக்கை’யில்தான் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. இந்தியாவில் வரித் தணிக்கை என்பது தொழில் செய்பவர் தன் கணக்கைப் பட்டயக் கணக்காளரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது. வரித்துறையே ஒருவரின் கணக்கை எடுத்துக் கேள்வி கேட்பது வேறு. இதை ‘ஸ்க்ரூட்டினி’ என்றே பேசுகிறார்கள். ‘ஆய்வு’ மிகப் பொதுவாக இருக்கிறது, ‘கூராய்வு’ பிரேதப் பரிசோதனையை நினைவூட்டுகிறது. ‘துறைச் சரிபார்ப்பு’ பொருந்துமா? வரி ஆலோசகர்களாக இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்