ஸ்கெட்ச் காமெடி: தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ஈரோடு, திங்கள் இரவு

குழுவில் எல்லோருக்கும் வணக்கமுங்க.

தொலைக்காட்சி வரலாறு பற்றிய பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஏழு அத்தியாயம் முடிந்தது. எட்டாவதில் வண்டி நின்றுவிட்டது. ஸ்கெட்ச் காமெடி எப்படித் தோன்றியது, அதில் நடித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் அந்த அத்தியாயம். 22 பக்கத்தில் 'ஸ்கெட்ச்' 61 இடத்தில் வருகிறது. வெள்ளி மாலை அனுப்பியாக வேண்டும்.

பொருளில் எனக்குக் குழப்பமில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஓடும். ஓர் இடம், இரண்டு மூன்று பேர், நடுவில் ஒரு கோணல். அந்தக் கோணலை முறுக்கிக்கொண்டே போய் சட்டென்று விட்டுவிடுவார்கள். அடுத்ததில் அதே நடிகர்கள் வேறு ஆட்களாக வருவார்கள். 1950 பிப்ரவரி 25 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' பற்றித்தான் முதல் பாதி முழுக்க. சனிக்கிழமைதோறும் 90 நிமிடம் நேரடி ஒளிபரப்பு. சிட் சீசர், இமோஜீன் கோகா, கார்ல் ரைனர், ஹோவர்ட் மாரிஸ் நடிக்க, மெல் புரூக்ஸும் நீல் சைமனும் எழுதுகிறவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள். பாட்டு, நடனம் எல்லாவற்றுக்கும் நடுவே இந்தச் சின்னச் சின்ன ஆட்டங்கள்.

'நகைச்சுவை நாடகம்' என்று போட்டால் இரண்டு மணி நேர மேடை நாடகம் என்று நினைப்பார்கள். 'குறுநாடகம்' என்றால் ஓரங்க நாடகத்தோடு முட்டுகிறது. 'சித்திரம்' என்று தொடங்கினாலே கார்ட்டூன் என்பார்கள். கை கொடுங்க.

பெருந்துறை, செவ்வாய் காலை

அம்மணி, நல்ல கேள்வி. நாலு நாளில் முடிக்கிற கேள்வியல்ல, ஆனாலும் முயல்வோம்.

முதலில் வேரைப் பார்ப்போம். ஆங்கிலத்துக்கு இச்சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. டச்சுக்கு இத்தாலிய 'ஸ்கிட்சோ'விலிருந்து. அதற்கும் பின்னே போனால் 'அந்த நேரத்தில் சட்டென்று செய்தது' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லில் போய் நிற்கும். ஆகக் கோடும் வேண்டும், விரைவும் வேண்டும்.

நம்மிடம் என்ன இருக்கிறது? 'எள்ளல் இளமை பேதைமை மடன்' என்று நகைக்கு நான்கு நிலைக்களன் சொல்லி வைத்திருக்கிறார் தொல்காப்பியர். செய்யுளியலில் உரைநடை வகை நான்கைச் சொல்லும் இடத்தில் 'பொருளொடு புணர்ந்த நகைமொழி' என்று ஒன்று வருகிறது. நம் கொங்கு நாட்டு நிரம்பைக்காரரான அடியார்க்குநல்லார், சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் விநோதக் கூத்துகளை அடுக்கும்போது 'நகைத்திறச் சுவை'யையும் சேர்த்து எண்ணுவாரைக் குறிப்பிடுகிறார். ஆகவே 'நகை' என்ற முதனிலையை விடக்கூடாது.

என் சொல்: நகைக்கீற்று. கீறுவதால் கீற்று, அது கோடு. நிலாக்கீற்று, ஒளிக்கீற்று என்னும்போது சட்டெனத் தோன்றி மறைவது. மாங்காய்க் கீற்று என்னும்போது நறுக்கிய துண்டு. நாம் சிறுவயதில் நாடகம் பார்த்தது கீற்றுக் கொட்டகையில். கோடு, ஒளி, துண்டு, கொட்டகை நான்கையும் தாங்கும் சொல் வேறு எந்த மொழியில் உண்டு?

பல்லடம், செவ்வாய் மதியம்

ஐயா, உங்கள் வேர்ச்சொல் விளக்கம் படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் நான் மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவன். தேடுபொறியில் 'நகை' என்று தட்டினால் தங்கம் பவுன் என்ன விலை என்றுதான் முதலில் வரும். 'நகைக்கீற்று' என்று தேடுகிற மாணவனுக்கு நெக்லஸ் படம் கிடைக்கும். இன்றைக்கு வழக்கில் நகை என்றால் நகைதான்.

'ஸ்கெட்ச்' என்றே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று நீங்கள் போற்றும் தொல்காப்பியரே சொல்லிவிட்டார்.

ஒரு துணைச்செய்தி. நான் தினமும் எழுதுகிற பைத்தான் கணினி மொழிக்குப் பெயர் வந்தது பாம்பிலிருந்து அல்ல. அதை உருவாக்கிய கைடோ வான் ராசம், பிபிசியின் 'மாண்டி பைத்தான்ஸ் ஃபிளையிங் சர்க்கஸ்' நிகழ்ச்சியை மனத்தில் வைத்துத்தான் அப்படிப் பெயரிட்டார். 1969 அக்டோபர் 5 முதல் 1974 வரை மொத்தம் 45 பகுதிகள் வந்த ஸ்கெட்ச் நிகழ்ச்சி அது. அம்மணியின் அத்தியாயத்தில் இது இருக்கிறதா?

தாராபுரம், செவ்வாய் பொழுதோட

இருவரும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆட்டத்தைப் பாருங்கள்.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் விடிய விடிய கூத்து நடக்கும். பெரிய வேஷம் உள்ளே ஒப்பனை செய்துகொண்டிருக்கும்போது கோமாளி வந்து நேரத்தை ஓட்டுவார். அவரிடம் இருந்தது ஒரு துண்டு மட்டும். தலையில் உருமாலாகக் கட்டினால் பண்ணையக்காரர். அதையே இடுப்பில் இறுக்கினால் கைகட்டி நிற்கிற ஆள். தோளில் மடித்துப் போட்டால் வட்டிக்கு விடுகிறவர். மூன்று பேரும் ஒருவரோடொருவர் சண்டை போடுவார்கள், மூன்றும் அவரே. பத்து நிமிடம். மத்தளம் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது, ராஜா வந்துவிடுவார். மேற்கே இவர்கள் தொலைக்காட்சியில் செய்தது இதைத்தானே?

என் சொல்: பல்வேடக் கூத்து. ஒரு நடிகர் பல ஆளாக வருவதுதான் இதன் உயிர்.

ஈரோடு, செவ்வாய் இரவு

எல்லோருக்கும் நன்றிங்க. மூன்று சொல்லையும் என் பக்கங்களில் வைத்துப் பார்த்தேன்.

'மாண்டி பைத்தானில் ஒரு நகைக்கீற்றுக்கும் அடுத்த நகைக்கீற்றுக்கும் இடையே டெரி கில்லியம் செய்த அசைபடங்கள் வரும்.' படிக்க முடிகிறது. 'நகைக்கீற்று எழுத்தாளர்' என்னும்போது நாக்கு தடுக்குகிறது.

'1953-இல் பல்வேடக் கூத்து எழுதிக்கொண்டிருந்த நீல் சைமன்.' நியூயார்க்கில் தெருக்கூத்து நடந்தது என்று மாணவர் நினைத்துவிடுவார், அண்ணா.

பல்லடம் தம்பிக்கு: பைத்தான் செய்தி இருக்கிறது. 'ஸ்கெட்ச்' என்றே விட எனக்கு மனசில்லை. முன்பு ஒரு பதிப்பகத்துக்கு 300 பக்கம் மொழிபெயர்த்தேன். அச்சாகி வந்தபோது நான் யோசித்து யோசித்து வைத்த சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வெசனம் இன்னும் போகவில்லை.

சிங்காநல்லூர், புதன் காலை

14 ஆண்டு தொலைக்காட்சியில் படத்தொகுப்பு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சொல்லைத் தேடுமுன் இந்த வடிவம் ஆளை என்ன செய்கிறது என்று பாருங்கள். அம்மணியின் அத்தியாயத்தில் பிற்பாதியும் அதுதானே.

இது தொலைக்காட்சியில் பிறந்தது அல்ல. இங்கிலாந்தில் மியூசிக் ஹால் எனப்பட்ட கேளிக்கை அரங்குகளில் ஃபிரெட் கார்னோ என்பவர் பேச்சே இல்லாத சிறு ஆட்டங்களை நடத்தினார். சாப்ளினும் ஸ்டான் லாரலும் அவர் குழுவில் வேலை பழகியவர்கள். 1910-இல் அந்தக் குழுவோடுதான் இருவரும் அமெரிக்கா போனார்கள். 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' தயாரித்த மாக்ஸ் லீப்மன், அதற்கு முன் பென்சில்வேனியாவில் ஒரு கோடைவிடுதியில் வாராவாரம் புது நிகழ்ச்சி போட்டுப் பழகியவர். வாராவாரம் புதிது என்ற அந்த நெருக்கடி அப்படியே கேமராவின் முன்னால் வந்தது. சிட் சீசருக்கு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் தெரியாது. ஆனால் அவற்றின் ஓசைகளை அப்படியே எடுத்து அர்த்தமில்லாமல் சரளமாகப் பேசுவார். அப்பாவின் உணவுக்கடைக்கு வந்த குடியேறிகளின் பேச்சைக் கேட்டு வளர்ந்த காது அது.

அந்தப் பட்டறையிலிருந்து போனவர்களைப் பாருங்கள். மெல் புரூக்ஸ் திரைப்பட இயக்குநர். நீல் சைமன் நாடகாசிரியர், 1991-இல் புலிட்சர் பரிசு. கார்ல் ரைனர் 1961-இல் 'டிக் வான் டைக் ஷோ' என்ற நகைச்சுவைத் தொடரை உருவாக்கினார். பைத்தான் ஆட்களில் கில்லியம் இயக்குநரானார். மைக்கேல் பேலின் உலகம் சுற்றி ஆவணத் தொடர்கள் செய்தார். டெரி ஜோன்ஸ் இடைக்கால வரலாறு எழுதினார். 1975 அக்டோபர் 11 அன்று 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க ஸ்கெட்ச் நிகழ்ச்சி தொடங்கியது. நம் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதும் அதே ஆண்டு ஆகஸ்ட் 15. 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சிக்கு எழுதிய ஆல் ஃபிராங்கன் பின்னாளில் மினசோட்டா மாநிலத்தின் செனட்டரானார். 19 வயதில் உள்ளே வந்த எடி மர்ஃபி, பிறகு திரையிலும் ஒரே படத்தில் பல வேடம் போடுவதை விடவில்லை. வேறு ஸ்கெட்ச் நிகழ்ச்சிகளில் நடித்த ஜோர்டன் பீல் திகில் படத்துக்குப் போய்த் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார்.

நம்மூரில் 'லொள்ளு சபா'. சந்தானம் அங்கிருந்து சினிமாவுக்கு வந்தவர். யோகி பாபு அங்கே சின்னச் சின்ன வேடத்தில் நின்றவர்.

இவர்கள் எல்லோரும் அங்கே கற்றது நடிப்பை மட்டும் அல்ல, எங்கே வெட்டுவது என்பதை. ஆகவே 'நறுக்கு'. ஓலை நறுக்கு என்று பழைய சொல்லே இருக்கிறது. நறுக்கென்று என்றால் கூர்மை. 'நகை நறுக்கு' என்றோ வெறும் 'நறுக்கு' என்றோ வைக்கலாம்.

பெருந்துறை, புதன் மதியம்

சிங்காநல்லூர் அன்பரின் வரலாறு அருமை. ஆனால் 'நறுக்கு' ஏவல்வினையாகவும் இருக்கிறது. 'நறுக்கு எழுத்தாளர்' என்றால் வெங்காயம் நறுக்கச் சொல்கிறார்களா என்று ஐயம் வரும்.

'லொள்ளு' என்றதும் ஒன்று தோன்றுகிறது. கோயமுத்தூர்க் குசும்பு என்று ஊரே சொல்கிறது. குறும்பு என்பதுதான் குசும்பு ஆனது என்பது என் துணிபு. சங்க இலக்கியத்தில் குறும்பு என்றால் சிற்றரண். அரணுக்குள் இருந்துகொண்டு வெளியே இருப்பவனைச் சீண்டுவது குறும்பு ஆயிற்று என்று கொண்டால்...

பல்லடம், புதன் மதியம்

ஐயா, மன்னிக்க வேண்டும். ற எப்படி ச ஆகும்? இதே போல வேறு மூன்று சொல் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஓசை ஒத்துப்போவதால் மட்டும் வேர் ஒன்றாகிவிடாது. அம்மணிக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

பெருந்துறை, புதன் இரவு

காட்டுகிறேன், தனி மடலில். 40 ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவனை வேர் தெரியாதவன் என்று பொதுவில் சொல்வது முறையல்ல, தம்பி. ஆங்கிலத்தை அப்படியே வைப்பது எளிது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

கோபி, வியாழன் மாலை

சண்டை வேண்டாமுங்க. இன்று வகுப்பில் கேட்டுவிட்டு வந்தேன். 31 பேர் இருந்தார்கள்.

'ஸ்கெட்ச்' என்று கரும்பலகையில் எழுதி, என்ன தோன்றுகிறது என்றேன். முதல் வரிசைப் பெண் 'கலர் பேனாங்க' என்றாள். பின் வரிசைப் பையன் 'ஆளைத் தூக்கறதுக்கு ஸ்கெட்ச் போடறதுங்க மேம்' என்றான். வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. பல்லடம் தம்பி, உங்கள் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேறு வேலை வந்துவிட்டது. 'காலத்துப் படினே' என்பதும் அதைத்தானே சொல்கிறது. எந்தப் பொருளில் படிந்தது என்று பார்க்க வேண்டாமா? கல்லூரி விழாவில் போடுவதை 'ஸ்கிட்' என்கிறார்கள், அது வேறு.

பிறகு மாண்டி பைத்தானின் செத்த கிளி ஆட்டத்தைச் சொன்னேன். வாங்கிய கிளி செத்திருக்கிறது என்று ஒருவர் கடைக்குத் திரும்பக் கொண்டுவருகிறார். கடைக்காரர் 'அது ஓய்வெடுக்கிறது' என்று சாதிக்கிறார். நான் ஒரு டஸ்டரைக் கிளியாக வைத்து மேசையில் தட்டித் தட்டிக் காட்டினேன். சிரிப்பு அடங்கியதும் இதைத் தமிழில் என்ன சொல்வீர்கள் என்றேன். சன்னலோரம் எப்போதும் பேசாமல் இருக்கிற பையன் ஒருவன், 'துணுக்கு மாதிரிதானுங்க மேம், ஆனா நடிச்சுக் காட்டறாங்க' என்றான்.

அதனால் நான் சொல்வது: நடிப்புத் துணுக்கு. பத்திரிகைத் துணுக்கு எல்லோருக்கும் தெரியும். 'நடிப்புத் துணுக்கு எழுத்தாளர்', 'நடிப்புத் துணுக்கிலிருந்து சினிமாவுக்கு', எல்லாம் வருகிறது.

சிங்காநல்லூர், வியாழன் இரவு

நல்ல சொல், அக்கா. ஒரு மறுப்பு மட்டும். துணுக்கு என்றால் கடைசி வரியில் வெடிக்க வேண்டும். பைத்தான் ஆட்கள் அந்தக் கடைசி வெடியே வேண்டாம் என்று பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள். அவர்களுக்குச் சில மாதம் முன்பே ஸ்பைக் மில்லிகன் 'க்யூ 5' நிகழ்ச்சியில் அதைச் செய்தார். வடிவத்தின் புரட்சியே முடிவை உடைத்ததில் இருக்கிறது. போதாக்குறைக்கு, நம் நாடக விமரிசனத்தில் 'துணுக்குத் தோரணம்' என்பது குறை சொல்கிற சொல். இருந்தாலும் நாளை வெள்ளி. என் ஓட்டு இதற்கே.

ஈரோடு, வெள்ளி மதியம்

வந்த மடல்களை எண்ணினேன்: நடிப்புத் துணுக்கு 6, ஸ்கெட்ச் 3, நகைக்கீற்று 2, பல்வேடக் கூத்து 1. 61 இடத்திலும் 'நடிப்புத் துணுக்கு' போட்டுவிட்டேன். முதல் இடத்தில் மட்டும், 'ஸ்கெட்ச் என்று மேலைநாட்டார் சொல்லும் நடிப்புத் துணுக்கு' என்று எழுதி, முடிவில் வெடி இருந்தே தீரவேண்டும் என்பதில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தலைப்பில் இன்னும் மனசு நிறையவில்லை. நேரமில்லை, அனுப்பிவிட்டேன்.

பெருந்துறை, வெள்ளி இரவு

பெரும்பான்மைக்கு வணங்குகிறேன், உடன்படவில்லை. துணுக்கு சிதறியது, கீற்று கீறி எடுத்தது. முன்னதில் தற்செயல் இருக்கிறது, பின்னதில் கை இருக்கிறது. 90 நிமிடம் நேரடியாக நின்று ஆடியவர்களின் கைவேலையைத் துணுக்கு என்று சொல்ல எனக்கு ஒப்பவில்லை. என் கட்டுரைகளில் நகைக்கீற்று என்றே எழுதுவேன். கீற்றுக் கொட்டகையை மறந்த தலைமுறைக்கும் அது ஒருநாள் பிடிபடும்.

தாராபுரம், சனி காலை

ஐயா, நம் பக்கம் கீற்று என்று யார் சொல்கிறார்கள்? பின்னி வேய்கிற தென்னையோலைக்குத் தடுக்கு என்றுதானே பேச்சு? கொட்டகையும் தடுக்குக் கொட்டகைதான். தஞ்சாவூர்ச் சொல்லைக் கொண்டுவந்து கொங்குக்குக் கூரை போடுகிறீர்களே.