மண்ணீரலா, நிணநீர்க்கணுவா? ஸ்லைடில் தடுமாறுகிறேன்

முதலாண்டு மாணவன்:
எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறேன். போன வாரம் ஸ்பாட்டர் தேர்வில் (ஸ்லைடைப் பார்த்து உறுப்பை அடையாளம் சொல்லும் தேர்வு) நான்காவது மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் கருநீல உருண்டைகள் நான்கைந்து தெரிந்தன. நிணநீர்க்கணு என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். அது மண்ணீரலாம். பதிவேட்டில் நான் வரைந்த இரண்டு படங்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஊதா பென்சிலால் உருண்டை உருண்டையாகத்தான் போட்டு வைத்திருக்கிறேன். மண்ணீரலின் வெண்கூழ் (வெள்ளணுக்கள் திரண்ட அந்த உருண்டைகள்), செங்கூழ் (அவற்றைச் சுற்றி ரத்தம் நிறைந்த பகுதி) என்று கேட்டால் ஒப்பித்துவிடுவேன், கண்ணுக்குத்தான் பிடிபடவில்லை. நீங்கள் எதை முதலில் பார்ப்பீர்கள்?

நோயியல் முதுநிலை மாணவி:
தம்பி, உருண்டையை நம்பாதீர்கள். அது நிணநீர்க்கணுவிலும் உண்டு, டான்சிலிலும் உண்டு. லோ பவரில் வைத்து முதலில் ஓரத்துக்குப் போங்கள். நிணநீர்க்கணுவில் உறையை ஒட்டி உள்பக்கமாக வெளிறிய ஓடை ஒன்று ஓடும்; நிணநீர் வந்து இறங்கும் இடம் அது. மண்ணீரலில் அந்த ஓடை கிடையாது. தடித்த உறை, அதிலிருந்து உள்ளே இறங்கும் இளஞ்சிவப்புத் தண்டுகள், உடனே செங்கூழ். புறணி (வெளிப்பகுதி), அகணி (உட்பகுதி) என்ற பிரிவும் இல்லை. உருண்டைகள் வரிசை கட்டாமல் எங்கும் சிதறிக் கிடக்கும்.

அடுத்து ஓர் உருண்டையைப் பிடித்துக்கொண்டு ஹை பவருக்கு மாறுங்கள். உள்ளே தடித்த சுவரோடு சின்ன வளையம் ஒன்று தெரிகிறதா? அதுதான் மத்தியத் தமனி. பெயரில் மத்தியம் இருக்கிறதே என்று நடுவில் தேடித்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தமனியைச் சுற்றி டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் உறைபோல மூடியிருக்கும்; பி செல்கள் என்ற இன்னொரு வகை திரண்ட நுண்ணறை ஒரு பக்கமாக வளரும்போது தமனி ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நுண்ணறையின் நடுவே வெளிறித் தெரிவது முளைமையம், பி செல்கள் பெருகும் இடம். தமனி நீளவாக்கில் வெட்டுப்பட்டிருந்தால் வளையம் தெரியாது, கோடுதான் தெரியும். அப்போது வேறு உருண்டைக்குப் போங்கள்.

தைமஸோடு (நெஞ்சிலுள்ள நிணநீர் உறுப்பு) குழம்பினால், தைமஸில் மட்டும் வரும் ஹசால் துகள்களைத் தேடுங்கள். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோல இளஞ்சிவப்பு வட்டங்கள்.

திசு ஆய்வகத் தொழில்நுட்பர்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எல்லா ஸ்லைடிலும் ஓரம் இருக்காது. மண்ணீரல் ரத்தம் நிறைந்த மெத்தென்ற உறுப்பு. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் உள்ளே இறங்க நேரம் எடுக்கும் என்பதால் மெல்லிய துண்டுகளாக அரிந்துதான் போடுவோம். நடுத்துண்டில் உறையே வராது. அப்போது தமனியும் செங்கூழும்தான் துணை. உருண்டைகளுக்கு இடைப்பட்ட இடமெல்லாம் சிவப்பணுக்கள் நிறைந்து கிடந்தால் மண்ணீரல் என்று நினையுங்கள்.

பழைய ஸ்லைடுகளில் கரும்பழுப்புத் துகள்கள் தெரிந்தால் உடனே இரும்பு என்று எழுத வேண்டாம். அமிலமேறிய ஃபார்மலின் ரத்தத்தோடு சேர்ந்தாலும் அப்படித் துகள் படியும். இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயம் போட்டால் ஹீமோசிடெரின் (இரும்புள்ள நிறமி) நீலமாகும், ஃபார்மலின் துகள் ஆகாது.

முதலாண்டு மாணவன்:
அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. இன்று மதியம் ஆய்வகம் திறந்திருந்தது; அதே ஸ்லைடைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உறை இல்லாத நடுத்துண்டுதான் அது! முதல் உருண்டையில் தமனி அகப்படவில்லை. மூன்றாவதில், ஓரத்தில், இளஞ்சிவப்புச் சுவரோடு இருந்தது. தேர்வன்றும் அது அங்கேயேதான் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. படத்தை அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். இந்த முறை தமனியை முதலில் போட்டுவிட்டு அதைச் சுற்றி ஊதா தீட்டினேன்.

இன்னொரு சந்தேகம்: செங்கூழில் சைனஸ் (ரத்தம் ஓடும் அகன்ற குழல்) எது, பில்ராத் இழை (சைனஸ்களுக்கு இடைப்பட்ட திசு) எது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிகிறது.

நோயியல் முதுநிலை மாணவி:
சாதாரணச் சாயத்தில் அது சிரமம்தான். வெற்றிடம்போலத் தெரியும் இடத்தின் ஓரத்தில் உட்கருக்கள் உள்நோக்கிப் புடைத்துக்கொண்டிருந்தால் அது சைனஸ். பீப்பாய்ப் பலகைகளை அடுக்கியதுபோல நிற்கும் நீள செல்கள் அவை; அவற்றின் இடுக்கு வழியாகத்தான் சிவப்பணு நெளிந்து உள்ளே வர வேண்டும், நெளிய முடியாத கிழட்டு அணு வெளியே இழையிலேயே மாட்டிக்கொள்ளும். உங்கள் துறையில் வெள்ளிச் சாயமிட்ட மண்ணீரல் ஸ்லைடு இருந்தால் கேட்டுப் பாருங்கள். வலைநார்கள் கறுப்பாக எடுத்துக் காட்டும்.