ஃபயர்வாலில் (ஆபீஸ் நெட்வொர்க்கைக் காக்கும் பெட்டி) லாகின் எச்சரிக்கை, அதாவது பேனர், போட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

ஜங்ஷன்காரன்:
ஆடிட்டில் கேட்டார்கள் என்றுதான் போட்டேன். எங்கள் ஃபோர்டிகேட் ஃபயர்வாலில் ப்ரீ-லாகின் (உள்ளே போகும் முன்), போஸ்ட்-லாகின் (போன பின்) பேனர் இரண்டையும் எனேபிள் செய்து, "அனுமதி பெற்றவர்கள் மட்டும், நடப்பதெல்லாம் பதிவாகும்" என்று எழுதிவிட்டு கங்கைகொண்டானில் பஸ் ஏறிவிட்டேன். எங்களுக்கு தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து கமாண்ட் அடிக்கும் வழி) போய் கான்ஃபிக்கை, அதாவது பெட்டியின் செட்டிங் மொத்தத்தையும், பேக்கப் எடுத்து வைக்கும். அது மறந்தே போச்சு.

பத்தொன்பதாம் நாள், ஐப்பசி இடியில் பெட்டி செத்தது. மாற்றுப் பெட்டியை மாட்டிவிட்டு பேக்கப் ஃபைலைத் திறந்தால் மொத்தம் மூன்று வரி. நான் எழுதிய எச்சரிக்கை, அதன் கீழே ஆங்கில 'ஏ'யை அழுத்தச் சொல்லி ஒரு வரி. முந்தின நாள் ஃபைலும் அதே, அதற்கு முந்தினதும் அதே. போஸ்ட்-லாகின் பேனருக்கு 'ஏ' அழுத்தினால்தான் கமாண்ட் அடிக்க ப்ராம்ப்ட் வரும், ஸ்கிரிப்ட் பாவம் சும்மா நின்றிருக்கிறது. பின்னால் நின்ற மேனேஜர், "என்னடே, பேக்கப்பக் கேட்டா நோட்டீஸக் காட்டுதியே" என்றார். பழைய கான்ஃபிக்கை ஏற்றி, விபிஎன் எல்லாம் ஞாபகத்தில் இருந்து அடித்து முடிக்க விடிந்துவிட்டது.

பாபநாசம் பொடியன்:
பேனரைக் குறை சொல்லாதீங்க. ஃபைல் சைஸை ஒரு நாள் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

என் கதை சின்னது. சிஸ்கோ ரௌட்டரில் ஒரு குறியைப் போட்டால், அதே குறி மறுபடி வரும்வரை ஒட்டுவதெல்லாம் பேனர்தான். அதில் பழகிய கை, சிஸ்கோ ஏஎஸ்ஏ ஃபயர்வாலிலும் பேனர் லாகின் என்று அடித்து ஒரு ஹேஷ் (#) போட்டு, ஐந்து வரியை ஒட்டினேன். ஏஎஸ்ஏவில் அந்த வழக்கமே கிடையாது, வரிக்கு வரி கமாண்டைத் திரும்ப அடிக்க வேண்டும். ஒட்டியதெல்லாம் எரர். நானும் கவனிக்காமல் சேவ் பண்ணிவிட்டேன். மறுநாள் லாகின் பண்ணின அக்கா, "இதென்னல, கோலம் போட வச்ச புள்ளியா?" என்று கேட்டார். எச்சரிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை ஹேஷ்.

வண்ணாரப்பேட்டை அண்ணாச்சி:
தம்பிகளா, ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. நான் ஒரு ஆபீஸில் பொறுப்பெடுத்தபோது பேனரில் "வெல்கம்", அப்புறம் பெட்டியின் மாடல், வெர்ஷன், கோளாறு என்றால் கூப்பிட ஒரு நம்பர். திருடனுக்குத் தாம்பூலம் வைத்த மாதிரி.

முதலில் வரவேற்பு வார்த்தையே கூடாது. மாடல், வெர்ஷன் எதுவும் கூடாது. எச்சரிக்கை பாஸ்வேர்டு கேட்கும் முன்னாலேயே தெரிய வேண்டும், உள்ளே வந்தவனிடம் "வராதே" என்று சொல்லி என்ன பயன்? 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66ஆம் பிரிவில், கெட்ட எண்ணத்தோடு அனுமதியில்லாமல் நுழைந்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். அந்த வாசகத்தை வக்கீல் ஒருத்தர் பார்த்துக் கொடுத்தால் நல்லது. பாலோ ஆல்டோ ஃபயர்வால் வைத்திருப்பவர்கள் கமிட் கொடுக்க மறக்காதீங்க, கொடுத்தால்தான் மாற்றம் அமலுக்கு வரும். அதை விட, வெளியிலிருந்து அட்மின் லாகினே வராதபடி அடையுங்க. பேனர் "நாய் ஜாக்கிரதை" போர்டுதான், நாய் வேற வேணும்.

ஜங்ஷன்காரன்:
அண்ணாச்சி, யோசனை யாரும் கேட்கலையே. போஸ்ட்-லாகினை எடுத்துவிட்டேன், ப்ரீ மட்டும் இருக்கிறது. காலையில் டீக்கு முன்னால் ஃபைல் சைஸ் பார்க்கிறேன், பொடியனுக்குத் திருப்தியா?

வள்ளியூர்:
இதைப் படித்துவிட்டு எங்க ஃபைலைத் திறந்து பார்த்தேன். நாலு மாசமா 'ஏ' அழுத்தச் சொல்லி நிக்குது.