சுங்கை சிப்புட் சந்தையில் விற்கும் தோட்ட வில்லைகள் அசலா, போலியா?

தோட்டத்துப் பிள்ளை:
அனைவருக்கும் வணக்கம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஞாயிற்றுச் சந்தையில் பழம்பொருள் விற்பவர் ஒருவர், கித்தா (ரப்பர்) தோட்டக் காலத்தில் கூலிக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டவை என்று சொல்லிப் பித்தளை வில்லைகள் சிலவற்றைக் கடை பரப்பியிருந்தார். ஒன்று 35 ரிங்கிட் என்றார். நான் இரண்டு வாங்கினேன். நடுவில் ‘தோட்ட வேலை’ என்று தமிழிலும், அதன்கீழ் 10 என்ற எண்ணும், விளிம்பை ஒட்டி 1912 என்ற ஆண்டும் உள்ளன. என் தாத்தா இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர் என்பதால், இவை உண்மையானவையா என்று தெரிந்துகொள்வது எனக்கு முக்கியம். படங்களை இணைத்திருக்கிறேன்.

பழங்காசு:
தம்பி, வருத்தத்தோடு சொல்கிறேன், இவை அண்மையில் செய்யப்பட்ட போலிகள். ‘வேலை’ என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 1912இல் தமிழ் எழுதியவர் எவரும் ‘லை’ என்பதை இப்படி எழுதியிருக்க மாட்டார். அன்று ஐகாரக் குறி ல எழுத்தின் தலைமேல் யானைத் துதிக்கைபோல வளைந்து ஒட்டியிருக்கும். ணை, ளை, னை ஆகியவையும் அப்படித்தான். குறியைப் பிரித்து முன்னால் எழுதும் வடிவத்தைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது 1978இல். உங்கள் வில்லையில் இருப்பது கணினி எழுத்துரு. இரண்டு ‘ட’கரங்களும் மயிரிழையும் மாறாமல் ஒன்றுபோல இருக்கின்றன. தவிரவும், இப்படி ஒரு வில்லை நாணயப் பட்டியல் எதிலும் இல்லை.

லயத்து வீடு:
ஐயா, உங்கள் முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் காட்டும் காரணங்கள் போதா. அந்த எழுத்துச் சீர்திருத்தத்தைப் பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிவிட்டார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்து சென்ற பிறகு சுயமரியாதை இயக்கத்துக்கு இங்கே எவ்வளவு ஆதரவு இருந்தது என்பதை நீங்களும் அறிவீர்கள். அந்த எழுத்தைப் பழகிய தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் 1936இல் வில்லைக்கு எழுத்து அமைத்துக் கொடுத்திருக்க முடியாதா? 1912 என்பது வில்லை செய்த ஆண்டாக இல்லாமல் தோட்டம் திறந்த ஆண்டாகவும் இருக்கலாம். சிங்கப்பூர் வணிகர்கள் பர்மிங்காமில் அடித்து வரவழைத்த சேவல் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சேவலும் ஜாவி எழுத்தில் (மலாய் மொழியை எழுதும் அரபு எழுத்து) ‘தானா மெலாயு’ (மலாய் நாடு) என்பதும், மறுபக்கம் ‘சாத்து கெப்பிங்’ (ஒரு காசு) என்பதும் ஹிஜ்ரி 1247 என்ற ஆண்டும் இருக்கும். அது கி.பி. 1831. அதே ஆண்டைப் போட்டே பிறகும் பல ஆண்டுகள் அடித்தார்கள். அதனால் அவற்றை யாரும் போலி என்று சொல்வதில்லை.

பட்டியலில் இல்லை என்பதைச் சான்றாகக் காட்டுவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. இலங்கையின் காப்பித் தோட்ட வில்லைகளையும் சுமத்ராவின் புகையிலைத் தோட்ட வில்லைகளையும் பட்டியலிட ஆள் இருந்தார்கள், ஏனென்றால் அவற்றில் பல ஐரோப்பாவில் அடிக்கப்பட்டவை, நிறுவனப் பெயர் தாங்கியவை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், அஞ்சறைப் பெட்டிக்குள் கிடந்ததை யார் வந்து பட்டியலிட்டார்கள்? என் பாட்டி விட்டுச்சென்ற வில்லை ஒன்று என்னிடம் இருக்கிறது. துளையிட்ட பித்தளை வட்டம், அதில் 47 என்ற எண் மட்டும். அதை ஒரு சேகரிப்பாளரிடம் காட்டியபோது, எண்கள் கோணலாக இருப்பதாலும் களிம்பே இல்லாததாலும் போலி என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்த பொருளில் களிம்பு எப்படி நிற்கும்?

பழங்காசு:
எழுத்து வடிவம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னது என் அவசரம், ஒப்புக்கொள்கிறேன். பட்டியல் பற்றிய வாதத்தையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தம்பி இணைத்த படங்களைப் பெரிதாக்கி மீண்டும் பார்த்தேன். முதல் வில்லையில் 9 என்ற எண்ணுக்கு மேலே விளிம்பில் நகம் பதிந்ததுபோல ஒரு நசுங்கல் இருக்கிறது. இரண்டாவதிலும் அதே இடத்தில், அதே சாய்வில், அதே நசுங்கல். பழைய காசு கீழே விழுந்து அடிபடுவது இயல்புதான். இரண்டு காசுகள் ஒரே இடத்தில் ஒரே விதமாக அடிபடுவது நடக்காது. அடிபட்ட ஒரு வில்லையை மாதிரியாக வைத்து அச்செடுத்து, அதில் உலோகத்தை ஊற்றியிருக்கிறார்கள். 1936இல் புதிய எழுத்தில் செய்திருந்தாலும் இந்த நசுங்கலுக்கு விளக்கம் கிடையாது.

பட்டறை:
நான் இதே ஊரில் கடைசல் பட்டறை வைத்திருப்பவன்; நாணயம் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை, உலோகம் பற்றிச் சொல்லலாம். அச்சால் அடித்த பொருளில் எழுத்தின் சுவர் தளத்திலிருந்து செங்குத்தாக எழும்பும்; விரல் நகத்தால் தடவினால் தடுக்கும். வார்த்த பொருளில் அந்த இடம் சோப்பு கரைந்ததுபோல வழுவழுப்பாக இருக்கும், தளத்தில் ஊசிமுனை அளவுக்குக் குழிகள் தெரியும், விளிம்பில் அரம் போட்ட கோடுகள் ஓடும். பித்தளை ஆறும்போது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு சுருங்குவதால், 30 மில்லிமீட்டர் அசலைப் பார்த்து வார்த்த நகல் 29.5 மில்லிமீட்டர்தான் வரும். அசல் ஒன்று கையில் இருந்தால் வெர்னியர் வைத்து ஒப்பிடலாம்.

இன்றைய போலிகள் பெரும்பாலும் பித்தளைகூட அல்ல. பித்தளையை உருக்க 900 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். துத்தநாகக் கலவைக்கு 400 டிகிரியை ஒட்டிய சூடு போதும், அதைச் சுழலும் ரப்பர் அச்சில் ஊற்றி மேலே பித்தளை நிற முலாம் பூசிவிடலாம். காந்தம் இரண்டிலும் ஒட்டாது என்பதால் காந்தச் சோதனை இங்கே உதவாது. தண்ணீரில் எடை போடுவதே வழி. நகைக்கடைத் தராசில் முதலில் சாதாரணமாக நிறுக்க வேண்டும். பிறகு, தண்ணீர்க் குவளையைத் தராசின்மேல் வைத்து முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, வில்லையை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி பிடித்தால் வேறோர் எண் வரும். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுங்கள். பித்தளை என்றால் 8.4 முதல் 8.7 வரை வரும். துத்தநாகக் கலவை என்றால் 7ஐ எட்டாது.

தோட்டத்துப் பிள்ளை:
தெரிந்த நகைக்கடையில் கேட்டுச் செய்து பார்த்தேன். முதல் வில்லை 7.92 கிராம், தண்ணீரில் 1.19, வகுத்தால் 6.66. இரண்டாவது 7.96 கிராம், தண்ணீரில் 1.20, வகுத்தால் 6.63. விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ஓர் இடத்தில் முலாம் உரிந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. எழுபது ரிங்கிட் போனது பெரிதல்ல. தாத்தாவின் கை பட்டது என்று நம்பி அம்மாவிடம் காட்டிவிட்டேன், அதுதான் மனத்தை அறுக்கிறது.

லயத்து வீடு:
தம்பி, அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் வருந்தினாலும் பொய்யான பொருள் பூசை அலமாரிக்குப் போகாமல் இருப்பது நல்லது. அந்த வில்லைகள் போலி என்பதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அதே அளவுகோலால் என் பாட்டியின் வில்லையையும் நிறுத்துப் பார்த்தேன். 9.34 கிராம், தண்ணீரில் 1.10, வகுத்தால் 8.49. பித்தளைதான். பழங்காசு ஐயா இதற்கு என்ன சொல்கிறார்?

பழங்காசு:
பித்தளை என்பது உறுதி. பழையது என்பது அதனால் மட்டும் உறுதியாகாது. இன்றைக்கும் பித்தளைத் தகடும் எண் குத்தும் உளியான ‘பஞ்ச்’சும் கடையில் கிடைக்கின்றன, ஒரு பிற்பகலில் நூறு வில்லை குத்தலாம். அதில் தோட்டத்தின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. குடும்பக் கதையை நான் மதிக்கிறேன், ஆனால் சந்தைக்காரரும் ஒரு கதையோடுதான் விற்றார். தேய்மானத்தைப் பற்றி எழுதுங்கள். துளை எப்படி இருக்கிறது?

லயத்து வீடு:
துளை வட்டமாக இல்லை. மேல்பக்கம் மட்டும் நீண்டு, கம்பி அறுத்த வாய்க்கால்போல ஓரம் மழுங்கியிருக்கிறது. பல ஆண்டுகள் ஆணியிலோ கம்பியிலோ தொங்கிய பொருள் அப்படித்தான் தேயும். பின்பக்கம் நடுவில் தேய்ந்து, ஓரத்தில் கனமாக இருக்கிறது. பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கூப்பிடும்போது எடுத்துக்கொண்டு போய், பால் நிறுத்தபிறகு திரும்ப மாட்டுவோம் என்று பாட்டி சொல்வார்.

நேற்று இரவு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவருடைய பால் வாளி எங்கள் வீட்டுக் கொல்லையில் இன்னும் இருக்கிறது, பூச்செடி வைத்திருந்தோம். அதன் காதில் எண் குத்தியிருக்கும் என்ற ஞாபகத்தில், விடியற்காலையில் போய் மண்ணைக் கழுவிப் பார்த்தேன். 47 இருக்கிறது. வில்லையில் 4 என்ற எண்ணின் கால் முழுதாக இறங்காமல் பாதியில் நிற்கும். சரியாகக் குத்தவில்லை என்றே இதுவரை எண்ணியிருந்தேன். வாளியின் காதிலும் அந்தக் கால் அதே இடத்தில் அறுந்து நிற்கிறது.

பட்டறை:
அப்படியானால் இரண்டையும் குத்தியது ஒரே பஞ்ச். முனை உடைந்த பஞ்ச் குத்தும் இடமெல்லாம் அந்த உடைவைப் பதிக்கும். சந்தை வில்லையின் நசுங்கல் பொருள் பட்ட காயம், அது இன்னொன்றில் வரக்கூடாது. இது கருவியின் குறை, இது வரத்தான் வேண்டும். வேலைத் தள ஃபிட்டர் ஒருவர் வாளிக்கும் வில்லைக்கும் ஒரே பெட்டியிலிருந்து பஞ்ச் எடுத்திருக்கிறார்.

பழங்காசு:
வாளியைப் பார்க்காமல் முடிவாக எதுவும் எழுத மாட்டேன். ஆனால் இப்படி ஒரு சான்றை யாரும் விற்பனைக்காகச் செய்ய மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு 4களையும், பக்கத்தில் அளவுகோல் வைத்து, விளக்கொளி ஒரே பக்கமிருந்து விழும்படி படமெடுத்து அனுப்புங்கள். அந்த வாளியை இதற்குமேல் தேய்க்க வேண்டாம்; அதில் மீண்டும் மண் நிரப்பவும் வேண்டாம். உங்கள் லயத்தில் 46, 48 என்று அடுத்தடுத்த எண்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியுமா?

லயத்து வீடு:
48 எங்கள் சின்னப் பாட்டியின் எண். அவருடைய மகள் கோலகங்சாரில் இருக்கிறார். இன்று மாலை அழைத்துக் கேட்கிறேன்.