புதுப்பிப்பு: தாய்லாந்து விசா கிடைத்துவிட்டது, ஊருக்குப் போகாமலே

மலேசியாவின் டிஇ ரன்தாவ் அனுமதியில் (இணையவழி வேலை செய்யும் வெளிநாட்டவர் தங்குவதற்கான அனுமதி) கோலாலம்பூரில் இருக்கிறேன், தாய்லாந்தின் டிடிவி விசாவுக்கு (இணையவழி வேலை செய்பவர்கள் போன்றோருக்கான ஐந்தாண்டு விசா) இங்கிருந்தே விண்ணப்பிக்கலாமா, இல்லை சென்னைக்குத் திரும்பத்தான் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இங்கிருந்தே முடிந்தது. விசா நேற்று மின்னஞ்சலில் வந்தது.

விண்ணப்பிக்கும்போது தாய்லாந்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதுதான் கறாரான விதி. எல்லாம் இணையவழிதான். வசிப்பிடச் சான்றாக மலேசிய அனுமதியின் நகலையே ஏற்றினேன்.

இழுத்தடித்தது பணக் கணக்கு. 5,00,000 பாட் கையிருப்பு காட்ட வேண்டும். அவசரக்குடுக்கை நான், வைப்புநிதியை உடைத்து மொத்தத்தையும் ஒரே நாளில் கணக்கில் போட்டிருந்தேன். ஆறு மாத அறிக்கையில் அந்த ஒரு வரி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வந்தது. வைப்புநிதி ரசீதையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன். நிராகரித்தால் 10,000 பாட் கட்டணம் திரும்பாது என்பதால் அந்த வாரம் சரியான தூக்கமில்லை.

விசா ஐந்தாண்டு செல்லும் என்றதும் ஐந்தாண்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், நண்பர் ஒருவர் அப்படித்தான் நினைத்தார். ஒருமுறை நுழைந்தால் 180 நாள்தான்.

தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. எல்லைக்குப் போவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.