மறு: மறு: மறு: 'வேளாண் எழுத்தறிவு மானியம்' – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

'agricultural literacy mini-grant' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டவள் நான்தான் என்பதால் மறுபடி எழுதுகிறேன். grant என்பதற்கு 'நல்கை' (நல்குவது, அதாவது கொடுப்பது) என்று நான் சொன்னதற்கு வந்த பதில்களுக்கும் கீழே பதில் சொல்கிறேன். சிகாகோவுக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு வட்டார விவசாயிகள் சங்கம் சில நூறு டாலர் கொடுத்திருக்கிறது. இன்குபேட்டரும் ஒரு டஜன் முட்டையும் வாங்கி, குஞ்சு பொரிக்கும் வரை 21 நாளும் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். பெற்றோருக்குப் போகும் கடிதத்தைத் தமிழாக்குவது என் வேலை.

> 'மானியம்' இருக்க 'நல்கை' எதற்கு? யாருக்குப் புரியும்?

கோவை ஐயா, 'சிறு வேளாண் மானியம்' என்று எழுதி, இங்கே வந்திருக்கும் என் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். கும்பகோணம் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருப்பவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. "சிட்டா, அடங்கல் எல்லாம் கேப்பாங்களே, இங்க யாரு குடுப்பா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மானியம் என்றால் சொட்டுநீருக்கும் பவர் டில்லருக்கும் அரசாங்கம் தருவது. 'சிறு', 'குறு' இரண்டும் ஏக்கர் கணக்கு: இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து வரை சிறு விவசாயி. அத்தையே சிறு விவசாயி. 'சிறு வேளாண் மானியம்' என்ற தொடரை அவரிடமிருந்து பிடுங்கி வகுப்பறைக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

'உதவித்தொகை' என்றால் பணம் பிள்ளைகளுக்கு வரும் என்று நினைப்பார்கள். ஆய்வுக்குத் தரும் பணத்துக்கு 'ஆய்வு நல்கை' ஏற்கெனவே நடமாடுகிற சொல். அதனால் 'சிறுநல்கை'.

> நல்கையில் நல்குரவு வாடை அடிக்கிறது.

யாழ்ப்பாணத்து அண்ணா, நல்கூர்தல் வறுமைதான், மறுக்கவில்லை. ஆனால் குறுந்தொகை 37இல் தோழி "நல்கலும் நல்குவர்" (அன்பும் காட்டுவார்) என்கிறாளே, அங்கே வறுமை எங்கே? நீங்கள் சொன்னதும் குறளைப் புரட்டினேன். 104ஆம் அதிகாரம் உழவு, 105ஆம் அதிகாரம் நல்குரவு. அடுத்தடுத்து வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். 81ஆம் குறளில் வேளாண்மை என்பதே விருந்தோம்பிச் செய்யும் உதவி, பயிர்த்தொழில் இல்லை. சரி, இப்படியே போனால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

எழுத்தறிவில்தான் எனக்கு உண்மையான சிக்கல். 'வேளாண் எழுத்தறிவு' என்று படித்தால் விவசாயிகளுக்கு எழுதப்படிக்கச் சொல்லித் தருவது போல இருக்கிறது, அறிவொளி இயக்கம் போல. 1988இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் வெளியிட்ட அறிக்கை இரண்டைப் பிரித்தது: விவசாயம் செய்யக் கற்பது ஒன்று, விவசாயத்தைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்வது இன்னொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது. 'வேளாண் கல்வி' முதலாவதற்குப் போய்விட்டது. அதனால் 'உழவறிவு' என்கிறேன். தட்டில் இருக்கும் முட்டை எங்கிருந்து வந்தது என்று தெரிவது உழவறிவு.

ஆக, 'வகுப்பறை உழவறிவுச் சிறுநல்கை'. ஆட்சேபம் இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள்.

---

கோவை ஐயா எழுதியது:

அம்மா, ஆட்சேபம் இருக்கிறது. உழவு என்றால் ஏர் ஓட்டுவது. குஞ்சு பொரிப்பதில் எந்த ஏர்? கோழியும் பாலும் தேனும் வேளாண்மைக்குள் வரும், உழவுக்குள் வராது. 'வேளாண் அறிமுகம்' என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். நல்கைக்கும் நான் இன்னும் இணங்கவில்லை. கல்வெட்டிலேயே மானியம் இருக்கிறது.

---

ஐயா, 1999இல் மதுரையில் உழவர் சந்தை திறந்தார்கள். அங்கே தேங்காயும் கீரையும் வாங்கும்போது யாரும் ஏரைத் தேடவில்லை. 'அறிமுகம்' ஒரு நாளில் முடிந்துவிடும், இது 21 நாள் வேலை.

இதுவரை நால்வர் உழவறிவு, இருவர் வேளாண் அறிவு, ஐயா தனி. அந்த நால்வரிலும் ஒருவர் "எதையாவது வையுங்கள், தூங்கப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறார். கடிதத்தில் 'உழவறிவுச் சிறுநல்கை' என்றே போடுகிறேன். பக்கத்தில் "விவசாயத்தைப் பற்றிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வகுப்புக்குக் கிடைத்த சிறு தொகை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அத்தைக்கு அந்த வரி மட்டும் புரிந்தது.

அப்புறம், இன்குபேட்டருக்கு 'அடைகாப்பி' சரியா, 'பொரிப்பகம்' சரியா? அதுவும் வெள்ளிக்குள் வேண்டும்.