பீர் வாளியின் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது, தண்ணீரும் உள்ளே இறங்கிவிட்டது. ஈஸ்ட் செத்துவிட்டதா?

ஈசூன்_புதியவன் · புதன் இரவு

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டில் இருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக பீர் போட்டிருக்கிறேன். பதற்றமாக இருக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்.

வாங்கியவை: குழாய் வைத்த 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, மூடி, ஏர்லாக் (மூடியில் செருகும், தண்ணீர் ஊற்றிய சின்னக் குழல், வாயு வெளியேற), வாளியின் வெளியே ஒட்டும் வெப்பநிலை காட்டும் பட்டை, கழுவாமல் விடக்கூடிய கிருமிநீக்கி, 1.7 கிலோ மால்ட் (முளைகட்டிய பார்லிச் சாறு) டின், 1 கிலோ உலர் மால்ட் தூள். ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதக்கும் கருவி) வேண்டுமா என்று கடையில் கேட்டார்கள். குமிழியை வைத்தே தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்து வாங்காமல் வந்துவிட்டேன்.

ஞாயிறு மாலை 23 லிட்டர் கலந்து ஈஸ்ட் தூவினேன். திங்கள் முழுக்க ஏர்லாக் ஓயாமல் குமிழியிட்டது. அன்று இரவு பட்டை 31 டிகிரி காட்டியதும் பயந்துபோய், செவ்வாய் காலை வாளியைக் குழந்தையின் குளியல் தொட்டியில் தண்ணீர் விட்டு வைத்து, உறைந்த 1.5 லிட்டர் பாட்டில்கள் ஆறைச் சுற்றி அடுக்கினேன். மாலையில் 17 டிகிரி. குமிழி அடியோடு நின்றுவிட்டது. ஏர்லாக்கில் இருந்த தண்ணீர் பாதி உள்ளே போய்விட்டது. இன்றும் அதே நிலைதான்.

இன்னொரு பொட்டலம் ஈஸ்ட் போடவா? சனிக்கிழமை பாட்டிலில் அடைக்கலாம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

வாளிக்காரன் · புதன் இரவு

தம்பி, ஈஸ்ட் சாகவில்லை. குளிரில் சுருண்டு படுத்திருக்கிறது. 31-லிருந்து 17-க்கு ஒரே நாளில் இறக்கினால் அதன் வேலை நின்றுபோகும்.

தண்ணீர் உள்ளே போனதும் அதே காரணத்தால்தான். வாளியின் மேற்பகுதியில் இருக்கும் வாயு குளிர்ந்து சுருங்குகிறது, குளிர்ந்த திரவம் கரியமில வாயுவைக் கூடுதலாகக் கரைத்தும் வைத்துக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று ஏர்லாக் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நுழைகிறது. ஏர்லாக்கில் என்ன ஊற்றியிருந்தீர்கள்? கிருமிநீக்கக் கரைசல் என்றால் கவலையே இல்லை. குழாய்த் தண்ணீர் என்றாலும் இவ்வளவு சின்ன அளவால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இனிமேல் கரைசலோ வோட்காவோ ஊற்றுங்கள்.

இப்போதே நான்கு பாட்டிலை வெளியே எடுங்கள். நாளை மாலைக்குள் மெதுவாக 20-க்கு வரட்டும். அதன்பின் காலையில் ஒரு பாட்டில், இரவில் ஒரு பாட்டில் மாற்றினால் 20-லிருந்து 22-க்குள் நிற்கும். புது ஈஸ்ட் வேண்டாம்.

சனிக்கிழமை அடைக்கும் பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஈசூன்_புதியவன் · புதன் இரவு

கரைசல்தான் அண்ணே, நிம்மதியாயிற்று. நான்கு பாட்டிலையும் எடுத்துவிட்டேன். ஆனால் சனிக்கிழமை ஏன் கூடாது? குமிழி இல்லையென்றால் வேலை முடிந்தது என்றுதானே அர்த்தம்?

காய்ச்சும்_கை · வியாழன் காலை

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஏர்லாக் வாயு வெளியேற ஒரு வழி, அவ்வளவுதான். அளவுகோல் இல்லை. மூடியின் விளிம்பிலோ ஏர்லாக் செருகும் ரப்பர் வளையத்திலோ மயிரிழை இடைவெளி இருந்தாலும் வாயு அந்தப் பக்கமாகப் போய்விடும், குமிழியே வராது. மறுபக்கம், வேலை முடிந்த பிறகும் வீடு சூடேறினால் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி வரும்.

சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று சொல்வது ஹைட்ரோமீட்டர்தான். உங்கள் டின்னுக்கும் தூளுக்கும் கணக்குப் போட்டால் தொடக்க அடர்த்தி ஏறக்குறைய 1.038 (வெறும் தண்ணீர் 1.000). முடியும்போது 1.010 அருகில் வரவேண்டும். பாதியில் நின்று 1.020-ல் இருக்கும்போது பாட்டிலில் அடைத்து மூடினால் என்ன ஆகும் தெரியுமா? லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளித்தால் பீரின் கன அளவுக்குச் சமமான ஒரு மடங்கு வாயு வரும். சாதாரண பீரில் இருப்பது இரண்டரை மடங்கு. அந்த மிச்சச் சர்க்கரை அதற்கு மேல் இன்னும் ஐந்து மடங்கு சேர்க்கும். கண்ணாடி பாட்டில் தாங்காது. குழந்தை இருக்கும் வீடு என்கிறீர்கள். தயவுசெய்து இன்றே ஒரு ஹைட்ரோமீட்டரும், அதை மிதக்கவிட ஒரு உயரமான குழலும் வாங்கிவிடுங்கள்.

தேக்கா_தாத்தா · வியாழன் காலை

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு. ரப்பர் வளையத்தைச் சோதிக்க ஒரு வழி: கிருமிநீக்கக் கரைசலைச் சுற்றிலும் தெளித்து, மூடியை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஓட்டை இருந்தால் நுரை பூக்கும்.

ஈசூன்_புதியவன் · வியாழன் மதியம்

தாத்தா, வளையத்தில் நுரை வந்தது! கொஞ்சம் திருகி அமுக்கியதும் நின்றுவிட்டது.

இன்னொரு சந்தேகம். ஊரில் அப்பா பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும்போது பால்மானி வைத்திருந்தார். அதுவும் மிதக்கும் கருவிதானே, அது போதாதா? அடுத்த மாதம் அம்மா வருகிறார், எடுத்துவரச் சொல்லலாம்.

காய்ச்சும்_கை · வியாழன் மதியம்

தத்துவம் ஒன்றுதான். ஆனால் பால்மானியின் அளவு பாலின் அடர்த்திக்கு என்று வகுத்தது, கொஞ்சம் கனமான பீரின் தொடக்க அளவு அதற்குள் அடங்காது. ஒரு மாதம் காத்திருக்கவும் முடியாது. பீருக்கானதையே வாங்குங்கள்.

அளக்கும்போது இரண்டு கவனம். குழாயிலிருந்து 100 மில்லி பிடித்து, இரண்டு குவளைகளில் டீ ஆற்றுவதுபோல் ஆற்றி வாயுவைப் போக்குங்கள். குமிழிகள் ஒட்டினால் கருவியைத் தூக்கிப் பிடிக்கும், அளவு கூடுதலாகத் தெரியும். அடுத்து, கருவிகள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. நம் வீட்டு 28 டிகிரியில் பார்த்தால் 0.002 கூட்டிக்கொள்ளுங்கள். அளந்ததைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள்.

ஈசூன்_புதியவன் · வியாழன் இரவு

வாங்கிவிட்டேன். காட்டியது 1.019, திருத்தினால் 1.021. சனிக்கிழமை அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நண்பர்களிடம் தள்ளிப்போட்டுச் சொல்லிவிட்டேன். பட்டை இப்போது 20. குடித்துப் பார்த்தேன், இனிப்பு, கூடவே லேசான வாழைப்பழ வாசனை.

வாளிக்காரன் · வியாழன் இரவு

இனிப்பு மிச்சச் சர்க்கரை. வாழைப்பழம் முதல் நாள் சூட்டின் வேலை. ஈஸ்ட் சூட்டில் வேகமாகப் பெருகும்போது அந்த மாதிரி பழ வாசனை தரும் எஸ்டர்களை அதிகம் விடும். முதல் இரண்டு மூன்று நாள்தான் சுவை தீர்மானமாகிறது. அடுத்த தடவை ஈஸ்ட் தூவும் முன்பே 20-க்குக் குளிரவைத்துவிடுங்கள். இப்போது தினம் அரை டிகிரியாக 22 வரை ஏற்றுங்கள்.

தொட்டி வேலை அலுத்தால் நார்வே பண்ணை வீடுகளில் தலைமுறையாகக் காத்துவந்த குவைக் ஈஸ்ட் வகைகளைப் பாருங்கள். வோஸ் வகை 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும். நம் ஊர் சீதோஷ்ணத்துக்கு அதைவிடப் பொருத்தம் எனக்குத் தெரியவில்லை.

ஈசூன்_புதியவன் · ஞாயிறு இரவு

ஏர்லாக் திரும்பக் குமிழியிடுகிறது, நிமிடத்துக்கு ஒன்று. அளவு திருத்தத்துக்குப் பின் 1.014.

வீட்டில் 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்று சும்மா கிடக்கிறது, இட்லி மாவு கரைத்து வைப்பது. பாட்டிலில் வாயு ஏறுவதற்காகக் கொஞ்சம் சர்க்கரை கலந்து ஊற்ற அதைப் பயன்படுத்தலாமா?

தேக்கா_தாத்தா · ஞாயிறு இரவு

வேண்டவே வேண்டாம். மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியா இட்லிக்கு உயிர், பீருக்கு எமன். பிளாஸ்டிக்கின் கீறல்களில் தங்கிவிடும், தேய்த்தாலும் போகாது. எவர்சில்வர் அண்டா இருந்தால் நன்றாகத் தேய்த்துக் கொதிநீர் விட்டுப் பயன்படுத்தலாம். அதுவும் தேவையில்லை. பாட்டிலுக்கு நேரடியாகச் சர்க்கரை போடுங்கள், லிட்டருக்கு 6 கிராம்.

முதல் தடவைக்குக் கண்ணாடி வேண்டாம். சோடா வந்த 1.5 லிட்டர் பெட் பாட்டில் அழுத்தம் தாங்கும், பிதுக்கிப் பார்த்தே வாயு ஏறியதா என்று தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் பாட்டில் ஆகாது, மெல்லியது.

ஈசூன்_புதியவன் · அடுத்த சனி

புதன் 1.011, வியாழன் 1.011, இன்றும் 1.011, மேற்கொண்டு இறங்கவில்லை. கணக்குப்படி மூன்றரை விழுக்காடு ஆல்கஹால். பதினைந்து பெட் பாட்டிலில் அடைத்து, வெயில் படாத அலமாரியில் வைத்தாயிற்று. உங்கள் மூவருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. வேலை பிடித்துவிட்டது. இன்னொரு 30 லிட்டர் வாளி வாங்கி மாதம் இரண்டு தடவை போடலாம் என்று ஆசை.

காய்ச்சும்_கை · அடுத்த சனி

வாளி வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் 2004 முதல் 18 வயது நிறைந்தவர்கள் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் போடலாம், ஆனால் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான், விற்கவும் கூடாது. உங்கள் 23 லிட்டர் ஒரு தடவையிலேயே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. விதவிதமாகப் போட ஆசையென்றால் 10 லிட்டர் வாளி இரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஏழெட்டு லிட்டர் போடுங்கள். குளிர்வைப்பதும் சுலபம், ஒரே தொட்டியில் இரண்டும் அடங்கும்.

ஈசூன்_புதியவன் · அடுத்த வியாழன்

பாட்டில் கல் மாதிரி இறுகிவிட்டது. ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன், நாளை திறக்கிறேன். வாழைப்பழம் இன்னும் இருக்கிறதா என்று வந்து சொல்கிறேன்.